மருத்துவிச்சிக்கு எதைக் கற்பிப்பது? சூடான் நாட்டின் நூறாண்டுப் பாடம்

பயிற்சி என்பது கைக்குத் திறமையும் அறிவுக்குத் தெளிவும் தருவது என்பர். ஆனால், கை எந்தச் செயலுக்காகத் திறமை பெறுகிறது என்னும் வினாவைப் பயிற்சி தருவோர் எல்லாரும் எழுப்புவதில்லை. அவ்வினாவை அரைகுறையாக எழுப்பி, அரைகுறையாகவே விடை கண்டதனால் ஒரு நாட்டில் நேர்ந்தது என்ன என்பதை ஆராய்வது, கற்பித்தலைத் தொழிலாகக் கொண்டோர்க்குப் பெரிதும் பயன்படும். அந்நாடு ஆப்பிரிக்காவின் வடகிழக்கில் நைல் ஆறு பாயும் சூடான். பொருள், பெண்ணுறுப்புச் சிதைப்பு என்னும் கொடிய வழக்கமும் அதனை ஒழிக்க மருத்துவிச்சியர்க்கும் தாதியர்க்கும் அளிக்கப்படும் பயிற்சியும் ஆகும்.

பேசுவதற்குக் கூச்சம் தரும் பொருள் இது. ஆயினும், கூச்சத்தினால் பேசாமல் விட்டவையே நெடுங்காலம் நிலைத்து நிற்கின்றன.

வழக்கம் எத்தகையது?

நோய் தீர்க்கும் காரணம் எதுவுமின்றிப் பெண்ணின் பிறப்புறுப்பின் வெளிப்பகுதியை வெட்டுதல், நீக்குதல், தைத்தல், வேறு வகையில் ஊறு செய்தல் ஆகிய அனைத்தும் இப்பெயரால் குறிக்கப்படும். உலக சுகாதார நிறுவனம் இதனை நான்கு வகையாகப் பிரிக்கிறது. உணர்ச்சி மிக்க பெண்குறிக் காம்பின் ஒரு பகுதியையோ முழுமையையோ அதன் மேல்தோலையோ நீக்குவது முதல் வகை. அதனுடன் உள் இதழ்களையும், சில வேளை வெளி இதழ்களையும் வெட்டுவது இரண்டாம் வகை. இதழ்களை வெட்டி இருபுறத்தையும் இணையச் செய்து, சிறுநீரும் மாதவிலக்குக் குருதியும் செல்ல ஒரு சிறு துளை மட்டும் விட்டு மூடிவிடுவது மூன்றாம் வகை. குத்துதல், கீறுதல், சுடுதல் முதலியன நான்காம் வகை.

உலகெங்கும் இவ்வழக்கத்திற்கு ஆளான பெண்களும் சிறுமியரும் 23 கோடிக்கு மேற்பட்டோர் என யூனிசெஃப் 2024-ஆம் ஆண்டு கணக்கிட்டது. அவர்களுள் 14 கோடிக்கு மேற்பட்டோர் ஆப்பிரிக்காவிலும், ஏறத்தாழ 8 கோடிப் பேர் ஆசியாவிலும் உள்ளனர். ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரிய வழக்கம் இஃது என எண்ணுவது தவறு. முஸ்லிம்களிடையேயும், எகிப்து, எத்தியோப்பியா ஆகிய நாடுகளின் கிறித்துவர்களிடையேயும், பழைய குலநெறிகளைப் பின்பற்றுவோரிடையேயும் இது காணப்படுகிறது. இவ்வழக்கமே இல்லாத முஸ்லிம் நாடுகளும் பல உள்ளன.

சூடானில் பரவியிருந்தது பெரும்பாலும் மூன்றாம் வகை. அந்நாட்டார் அதனைப் 'பார்வோன் முறை' என அழைத்தனர். நான்கு முதல் பத்து வயது வரையுள்ள சிறுமியர்க்கு இது செய்யப்பட்டது. 2014-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள சூடான் பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 87 பேர் ஏதேனும் ஒரு வகைச் சிதைப்புக்கு ஆளாகியிருந்தனர்.

ஓம்டுர்மன் பள்ளி

ஆங்கிலேய-எகிப்தியக் கூட்டாட்சி சூடானில் நடந்த காலத்தில், தலைநகர் கார்த்தூமுக்கு எதிர்க்கரையிலுள்ள ஓம்டுர்மன் நகரில் மருத்துவிச்சியர் பயிற்சிப் பள்ளியொன்று தொடங்கப்பட்டது. 1921-ஆம் ஆண்டளவில் அது நடைபெறலாயிற்று. அதனை நிறுவி நடத்தியவர் மேபல் வுல்ஃப் என்னும் ஆங்கில அம்மையார். அதற்கு முன் எகிப்தில் ஃபாயூம் என்னும் ஊரில் மருத்துவிச்சியர்க்குப் பயிற்சி தந்தவர் அவர். அரபு மொழியை மக்கள் பேசும் வகையில் பேச வல்லவர். பின்னர் அவர் சகோதரி கெர்ட்ரூடும் அவருடன் சேர்ந்துகொண்டார்.

அக்காலத்து ஊர் மருத்துவிச்சியை மக்கள் 'தாயா' என்றழைத்தனர். கூரையிலிருந்து தொங்கும் கயிற்றைப் பற்றிக்கொண்டு பெண்கள் பிள்ளை பெறுவது வழக்கமாதலின், அவர்களைக் 'கயிற்று மருத்துவிச்சியர்' என்றும் கூறுவர். இத்தொழில் தாய்வழியாகவோ உறவுமுறையாகவோ வருவது. பள்ளிக்கு வந்தவர்கள் பெரும்பாலும் நடுவயது கடந்தவர்கள், எழுத்தறியாதவர்கள்.

எழுத்தறியாதவர்க்கு மருத்துவப் பாடம் நடத்துவது எப்படி? வுல்ஃப் சகோதரியர் கையாண்ட முறைகள் ஆசிரியர்கள் கருதிப் பார்க்கத்தக்கவை. பாடங்கள் பேச்சு வழக்கு அரபில் நடந்தன. மருந்துகளின் பெயரைப் படிக்க இயலாதவர்கள், அவற்றை நிறத்தாலும் மணத்தாலும் சுவையாலும் பிரித்தறியக் கற்றனர். உடலின் உள்ளமைப்பு, அவர்கள் அறிந்த வீட்டையும் வாசலையும் உவமையாகக் கொண்டு விளக்கப்பட்டது. பயிற்சி முடித்தவர்க்கு ஒரு தகரப்பெட்டி வழங்கப்பட்டது. கருவிகளும் மருந்துகளும் அதில் ஒழுங்காக வைக்கப்பட்டிருக்கும். சகோதரியர் ஊர் ஊராகச் சென்று அப்பெட்டிகளைத் திறந்து பார்த்துத் தூய்மையைச் சோதிப்பர். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்னும் கல்வி நெறி அப்பள்ளியில் முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டது எனலாம்.

மகப்பேற்றுத் தூய்மையைப் பொறுத்தமட்டில் அப்பயிற்சி வெற்றி கண்டது. தகரப்பெட்டி ஏந்திய மருத்துவிச்சி, ஊரில் மதிப்புடையவள் ஆனாள். ஆனால், அதே மருத்துவிச்சிதான் ஊர்ச் சிறுமியரின் உறுப்பை வெட்டுபவளாகவும் இருந்தாள். இங்கேதான் சிக்கல் எழுந்தது.

இடைவழியும் அதன் விளைவும்

வெட்டவே கூடாது என்று கட்டளையிட்டால் மருத்துவிச்சியர் பள்ளிக்கு வரமாட்டார்கள். மக்களும் அவர்களைப் புறக்கணித்துப் பழைய தாயாக்களிடமே செல்வர் என மேபல் வுல்ஃப் கருதினார். ஆதலின், கடுமை குறைந்த ஒரு வெட்டு முறையை, தூய கருவிகளைக் கொண்டும் வலிநீக்கும் மருந்து இட்டும் செய்யப் பள்ளியிலேயே கற்பித்தார். கொடுமையைப் படிப்படியாகக் குறைத்து, முடிவில் ஒழித்துவிடலாம் என்பது அவர் எண்ணம்.

எண்ணம் நல்லதே. எனினும், பாடம் என்பது ஆசிரியர் நினைப்பதன்று. மாணவர் எடுத்துச் செல்வதே பாடம். மருத்துவிச்சியர் எடுத்துச் சென்றது யாது? வெட்டுவது தங்கள் தொழிலின் ஒரு பகுதி, அதனைத் தூய்மையாகச் செய்ய வேண்டும், அவ்வளவே. 'வெட்டுவது தீது' என்னும் பாடம் பெட்டியில் இடம்பெறவில்லை. அரசின் முத்திரை பெற்ற ஒருத்தி செய்யும்போது, அச்செயலுக்கே அரசின் முத்திரை கிடைத்ததாக மக்கள் கருதினர். வுல்ஃப் சகோதரியர்க்குப் பின் பள்ளியின் பொறுப்பேற்ற எலேன் ஹில்ஸ்-யங் அம்மையார், வழக்கத்தை முற்றிலும் ஒழிக்க வேண்டும் எனப் போராடினார். ஆனால், கற்பித்துவிட்ட கையை மறக்கச் செய்வது எளிதாக இல்லை.

இதன் விளைவு இன்றளவும் தெரிகிறது. அண்மைக் காலச் சூடானில் இச்செயலைப் பெரும்பாலும் செய்தவர்கள் பயிற்சி பெறாத கிழவியர் அல்லர். சான்றிதழ் பெற்ற மருத்துவிச்சியரே ஆவர்.

சட்டமும் ரூஃபா நகர எழுச்சியும்

1945-ஆம் ஆண்டு, சூடான் மருத்துவத்துறை இவ்வழக்கத்தின் தீமையை விளக்கும் சிறுநூலொன்றை வெளியிட்டது. நாட்டின் முஃப்தியும் பெருந்தலைவர்களும் அதற்கு முன்னுரை எழுதி, பார்வோன் முறையைக் கண்டித்தனர். 1946-இல் அம்முறையைக் குற்றமாக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கடுமை குறைந்த முறையை மட்டும் அச்சட்டம் விலக்கி வைத்தது.

சட்டம் வருகிறது என்னும் செய்தி பரவியதும், பெற்றோர் பலர் சிறுமியரை அவசரம் அவசரமாக வெட்டுவித்தனர். அதே 1946-இல், நீல நைல் ஆற்றங்கரையிலுள்ள ரூஃபா நகரில், தன் மகளுக்கு இதனைச் செய்வித்த தாயொருத்தி சிறையிடப்பட்டாள். மக்கள் திரண்டெழுந்தனர். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் மஹ்மூத் முஹம்மது தாஹா என்னும் சீர்திருத்தச் சிந்தனையாளர். அவர் எதிர்த்தது அயலார் ஆட்சி தம் பெண்களைச் சிறையிட்டதையே. வழக்கத்தைக் கல்வியால் மாற்ற வேண்டுமே அல்லாமல் தண்டனையால் மாற்ற முடியாது என்பது அவர் கருத்து.

இதே ரூஃபா நகரில்தான் 1907-ஆம் ஆண்டு பாபிகர் பத்ரி என்னும் கல்வியாளர் பெண்களுக்கென முதற்பள்ளியைத் தொடங்கினார் என்பது நினைவில் கொள்ளத்தக்கது. அவர் வழியினர் வளர்த்த கல்விநிலையமே ஓம்டுர்மன் நகரின் அஹ்ஃபாத் மகளிர் பல்கலைக்கழகம். அவர் பெயரால் 1979-இல் அமைந்த மகளிர் ஆய்வுக் கழகம், சிதைப்பு ஒழிப்பில் சூடான் பெண்களே முன்னின்று உழைக்க வழி வகுத்தது. ஒரே ஊரில் பெண்கல்வியும் தோன்றியது, சட்டத்திற்கு எதிர்ப்பும் தோன்றியது. நாற்பது ஆண்டுக்கல்வி ஊரின் மனத்தை முழுதும் மாற்றப் போதவில்லை. ஆயினும் பின்னர் மாற்றத்தைக் கொண்டுவந்தவர்கள் அக்கல்வி ஈன்ற மகளிரே.

சட்டத்தின் கதை இதோடு முடியவில்லை. 1983-இல் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் இத்தடை இடம்பெறவில்லை. 2009-இல் சிறுவர் சட்டத்தில் தடையைச் சேர்க்க வைத்திருந்த பிரிவும் நீக்கப்பட்டது. கடைசியாக 2020-ஆம் ஆண்டில்தான் எல்லா வகைச் சிதைப்பும் குற்றமாக்கப்பட்டு, மூன்றாண்டு வரை சிறையும் தண்டமும் விதிக்கப்பட்டன. 2023 ஏப்ரலில் மூண்ட உள்நாட்டுப் போர், ஓம்டுர்மனையும் அதன் கல்விநிலையங்களையும் சிதறடித்தது.

உடலுக்கு நேரும் கேடு

பயிற்சி பெறுவோர் முதலில் அறிய வேண்டுவது கேட்டின் அளவு. வெட்டிய உடனே பெருங்குருதிப்போக்கு, தாங்கொணா வலி, அதிர்ச்சி, புண் சீழ்பிடித்தல், இசிவு நோய், சிறுநீர் அடைப்பு ஆகியன நேரலாம். உயிரிழப்பும் உண்டு. பிற்காலத்தில் சிறுநீர்த்தாரை நோய்கள், மாதவிலக்குக் குருதி உள்ளே தேங்குதல், தழும்பில் கட்டிகள், மணவாழ்வில் வலி, மன அச்சம் ஆகியன தொடரும். இரவில் பழைய நிகழ்ச்சி கனவாக வந்து அலறி எழும் பெண்களும் உளர்.

மகப்பேற்றில் நேரும் தீங்கை அளந்து காட்டிய ஆய்வு ஒன்று 2006-இல் வெளிவந்தது. உலக சுகாதார நிறுவனம் நடத்திய அவ்வாய்வில், சூடான், செனகால், புர்க்கினா ஃபாசோ, கானா, கென்யா, நைஜீரியா ஆகிய ஆறு நாடுகளின் 28 மகப்பேற்று மருத்துவமனைகளில் பிள்ளை பெற்ற 28,393 பெண்களின் நிலை பதிவு செய்யப்பட்டது. மூன்றாம் வகைச் சிதைப்புக்கு ஆளானவர்க்கு, ஆளாகாதவரைக் காட்டிலும், வயிற்றை அறுத்துப் பிள்ளை எடுக்கும் தேவை நூற்றுக்கு 31 பங்கும், பேற்றுக்குப் பின் பெருங்குருதிப்போக்கு 69 பங்கும் மிகுதியாக இருந்தன. குழந்தை பேற்றின்போதோ பிறந்த உடனேயோ இறக்கும் இடர் 55 பங்கு மிகுதி. ஒவ்வொரு நூறு பேற்றிலும் ஒன்று அல்லது இரண்டு குழந்தைகள் இவ்வழக்கத்தினால் மட்டுமே கூடுதலாக இறக்கின்றன என அறிஞர்கள் மதிப்பிட்டனர்.

இவ்வாய்வுக்கு முன்பே சூடான் பெண்களின் குரலை உலகறியச் செய்தவர் அஸ்மா எல் தரீர் என்னும் சூடானிய மருத்துவர். வடசூடானில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களையும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களையும் கேட்டறிந்து, அவர் எழுதிய நூல் 1982-இல் வெளிவந்தது. அயலார் சொன்னபோது சினந்தவர்கள், தம் நாட்டுப் பெண் ஒருவர் கணக்கோடு எடுத்துரைத்தபோது மறுக்க இயலாமற் போயினர்.

சிகிச்சைப் பயிற்சி

தடுப்பைப் பேசும்போது, ஏற்கெனவே துன்புறும் கோடிக்கணக்கான பெண்களை மறந்துவிடலாகாது. உலக சுகாதார நிறுவனம் 2001-இல் தாதியர், மருத்துவிச்சியர் பாடத்திட்டத்தில் இப்பொருளைச் சேர்ப்பதற்கென ஆசிரியர் கையேட்டையும் மாணவர் நூலையும் வெளியிட்டது. 2016-இல் சிகிச்சை நெறிமுறைகளும், 2018-இல் மருத்துவர்க்கான கைநூலும், 2025-இல் தடுப்பையும் சிகிச்சையையும் ஒருங்கே கூறும் புதிய நெறிமுறைகளும் வந்தன.

இவற்றுள் தலையாய பாடம், மூடப்பட்டதைத் திறத்தல். மூன்றாம் வகைக்கு ஆளான பெண் கருவுற்றால், பேற்றுக்கு முன்போ பேற்றின்போதோ, மரக்கச் செய்யும் மருந்திட்டுத் தழும்பை முன்புறமாக நடுவே பிரித்துத் திறக்க வேண்டும். பிரித்த இரு விளிம்புகளையும் தனித்தனியே தைத்து விடவேண்டும். மீண்டும் ஒன்றோடொன்று சேர்த்துத் தைக்கலாகாது. செய்முறை கடினமானதன்று. பயிற்சி பெற்ற மருத்துவிச்சியே செய்யலாம்.

செய்முறையைவிடக் கடினமானது அதற்கு முன்னும் பின்னும் நிகழும் பேச்சு. நெடுநேரம் துளித்துளியாகச் சிறுநீர் கழித்துப் பழகிய பெண்ணுக்கு, திறந்தபின் அது விரைந்து பாயும் ஓசையே அச்சமூட்டும். தன் உடலில் ஏதோ கெட்டுவிட்டது என அவள் எண்ணுவாள். 'இதுவே இயற்கை' என்று முன்கூட்டியே எடுத்துரைப்பது மருத்துவிச்சியின் கடமை. கணவனும் மாமியும் என்ன சொல்வார்களோ என்னும் கலக்கத்தையும் கேட்டறிய வேண்டும். மனநோய்க்குரிய அறிகுறிகளைக் கண்டால் உரிய மருத்துவரிடம் அனுப்புவதும் பாடத்தின் பகுதியே.

சூடானில் இதற்கு நேர் எதிரான வழக்கமொன்று உண்டு. ஒவ்வொரு பேற்றுக்குப் பின்னும் பெண்ணை மறுபடி இறுகத் தைப்பர். அதனை 'அதல்' என்பர். அச்சொல்லுக்குச் 'சரிசெய்தல்' என்பது பொருள். பேற்றுக்குக் கிடைப்பது சிறு தொகை; தைப்பதற்குக் கிடைப்பதும், சிறுமியரை வெட்டுவதற்குக் கிடைப்பதும் மருத்துவிச்சிக்கு முதன்மையான வருவாய். மாதச் சம்பளம் இல்லாத ஊர் மருத்துவிச்சியிடம், 'இதனைச் செய்யாதே' என்று பாடம் மட்டும் சொல்லி அனுப்பினால், அவள் பசித்த வயிற்றோடு வீடு திரும்ப வேண்டும். ஆதலின், நல்லறிவு புகட்டுவோர் அவள் பிழைப்புக்கும் வழி காண்பது இன்றியமையாதது.

மருத்துவர் கைக்கு மாறிய கத்தி

ஓம்டுர்மன் பள்ளியின் இடைவழி, பிற நாடுகளில் வேறு உருவில் திரும்பத் தோன்றியது. 'கிழவியின் மழுங்கிய கத்தியைவிட மருத்துவரின் தூய கத்தி மேல்' என்னும் வாதமே அது. எகிப்தில் 1994-இல் அரசு மருத்துவமனைகளில் இதனைச் செய்ய இசைவு தரப்பட்டு, எதிர்ப்பினால் விரைவிலேயே திரும்பப் பெறப்பட்டது. ஆயினும் கத்தி மருத்துவர் கைக்கு மாறிவிட்டது. 2007-இல் பன்னிரண்டு வயதுச் சிறுமியொருத்தி மருத்துவக் கூடம் ஒன்றில் உயிரிழந்த பின்னரே முழுத்தடை வந்தது. 2008-இல் அது குற்றமாக்கப்பட்டது. அதன்பின் 2014-இல் எடுத்த கணக்கெடுப்பிலும், வெட்டப்பட்ட சிறுமியர் ஐவரில் நால்வர் அளவில் மருத்துவரிடமோ தாதியரிடமோ ஆளானவர்கள் எனத் தெரியவந்தது. 2021-இல் தண்டனை மேலும் கடுமையாக்கப்பட்டது.

மலேசியாவின் அண்டை நாடான இந்தோனேசியாவும் இதே சுழலில் சிக்கியது. அங்கு 2006-இல் மருத்துவப் பணியாளர் இதனைச் செய்தல் தடுக்கப்பட்டது. 2010-இல் அமைச்சின் விதியொன்று அவர்கள் செய்யலாம் என முறை வகுத்துக் கொடுத்தது. 2014-இல் அவ்விதி நீக்கப்பட்டது. 2024-இல் வெளியான அரசாங்க ஒழுங்குமுறை, இவ்வழக்கத்தை ஒழித்தலைச் சுகாதாரப் பணியின் ஒரு கூறாக்கியது.

2020 வரையிலான கணக்கின்படி, உலகில் ஏறத்தாழ 5 கோடியே 20 லட்சம் பேர் மருத்துவப் பணியாளர் கையாலேயே சிதைக்கப்பட்டவர்கள் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நால்வரில் ஒருவர் என்பது இதன் பொருள். கத்தி தூயதாயினும், நலமாயிருந்த உறுப்பு நீங்கியது நீங்கியதே. நோய் தீர்க்கும் கல்வி பெற்றவர் நோயில்லா உடலில் கத்தி வைப்பது, அக்கல்விக்கே இழுக்கு.

சொல்லும் மனமும்

மொழியாசிரியர்கள் சிறப்பாகக் கருத வேண்டிய பகுதி ஒன்று உண்டு. சூடானில் இச்செயலைக் குறிக்கும் சொல் 'தஹூர்'. அதன் பொருள் தூய்மை செய்தல். வெட்டப்படாத பெண்ணைக் குறிக்க இருந்த சொல் 'கல்ஃபா', அது வசைமொழி. சொல்லே இவ்வாறு அமைந்துவிட்டபின், எந்தத் தாய் தன் மகள் தூய்மையற்றவளாக, வசைக்கு ஆளாக வளர்வதை விரும்புவாள்? மகளை வருத்த வேண்டும் என்று எந்தத் தாயும் எண்ணுவதில்லை. அவள் வாழ வேண்டும் என்று எண்ணியே வருத்துகிறாள்.

வெட்டப்படாதவளைப் போற்றிக் கூற நல்ல சொல் ஒன்றுகூட வழக்கில் இல்லை என்பதைச் சூடான் அறிஞர்கள் உணர்ந்தனர். 2008-இல் அவர்கள் தொடங்கிய இயக்கத்திற்கு 'ஸலீமா' எனப் பெயரிட்டனர். முழுமையானவள், ஊறுபடாதவள் என்பது அதன் பொருள். பெண்ணுக்கு இடும் பெயரும் அதுவே. 'ஒவ்வொரு பெண்ணும் ஸலீமாவாகப் பிறக்கிறாள். ஸலீமாவாகவே வளரட்டும்' என்பதே அவ்வியக்கத்தின் கருத்து. 'வெட்டாதே' என்னும் எதிர்மறைக் கட்டளைக்கு மாறாக, 'முழுமையாக இருக்க விடு' என்னும் உடன்பாட்டுச் சொல் மக்கள் நாவில் ஏறியது. ஒரு வசைமொழியின் இடத்தில் ஒரு வாழ்த்துமொழியை வைப்பதும் மருத்துவமே ஆகும்.

மருத்துவிச்சியர் பயிற்சியிலும் இச்சொல்லறிவு கற்பிக்கப்படுகிறது. சட்டத்திலும் நூலிலும் 'சிதைப்பு' என எழுதுவது பொருந்தும். தீமையின் அளவை அச்சொல் காட்டும். ஆனால், எதிரே அமர்ந்திருக்கும் பெண்ணை நோக்கி, 'நீ சிதைக்கப்பட்டவள்' என்று சொல்வது அவளைப் புண்படுத்தும். அவள் வாயில் வழங்கும் சொல்லைக் கொண்டே பேசத் தொடங்க வேண்டும்.

தடுப்புப் பேச்சைக் கற்பித்தல்

இத்தகைய பேச்சை எவ்வாறு பயிற்றுவது? கர்ப்பவதிகளைக் காணும் தாதியர்க்கென உலக சுகாதார நிறுவனம் வகுத்த அண்மைப் பயிற்சியில் நான்கு படிகள் உள்ளன. முதற்படி, பெண்ணின் நிலையைக் கேட்டறிதல். இரண்டாவது, வழக்கத்தைப் பற்றி அவள் கொண்டுள்ள நம்பிக்கைகளை அவள் வாயாலேயே சொல்லச் செய்தல். மூன்றாவது, அந்நம்பிக்கைகளை அவளே மறுபடி எண்ணிப் பார்க்க உதவுதல். நான்காவது, பிறக்கப்போகும் மகளைப் பற்றி அவள் தானே முடிவெடுக்கவும், அம்முடிவைக் குடும்பத்தில் எவ்வாறு காப்பது எனக் கலந்து பேசவும் துணைநிற்றல். சூடானில் இதனை முடிவு செய்பவள் பெரும்பாலும் 'ஹப்பூபா' எனப்படும் பாட்டி. ஆதலின், தாயின் மனம் மாறினால் மட்டும் போதாது. பாட்டியோடு பேசும் துணிவையும் அவளுக்கு ஊட்ட வேண்டும்.

இப்படிகளை விரிவுரையால் மட்டும் கற்பிக்க இயலாது. பயிற்சியாளர் இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் தாதியாகவும் மற்றவர் தாயாகவும் நடித்துப் பழகுகின்றனர். மற்றவர்கள் கண்டு குறை நிறை கூறுகின்றனர். தாதி அறிவுரையைத் தொடங்கிவிட்டால் தாயின் வாய் மூடிக்கொள்வதை அவர்கள் அங்கேயே கண்டுணர்கின்றனர். கினி, கென்யா, சோமாலியா ஆகிய மூன்று நாடுகளின் கர்ப்பவதிகள் நிலையங்களில் இப்பயிற்சி சோதித்துப் பார்க்கப்பட்டு, முடிவுகள் வெளியாயின. பயிற்சி பெற்ற நிலையங்களில் தாதியர் தடுப்புப் பேச்சை மிகுதியாக நடத்தினர். அங்கு வந்த பெண்களிடையே வழக்கத்திற்கு ஆதரவு குறைந்து காணப்பட்டது.

இவற்றுக்கெல்லாம் முன் நிகழ வேண்டிய ஒன்று உள்ளது. பயிற்சிக்கு வரும் தாதியரும் மருத்துவிச்சியரும் பெரும்பாலோர் தாமே சிறு வயதில் வெட்டப்பட்டவர்கள். அவர்களுள் சிலர் தம் மகளிர்க்கும் செய்வித்தவர்கள். ஆதலின், தம் நம்பிக்கை என்ன, அது எங்கிருந்து வந்தது என்பதை முதலில் அவர்களே ஆராய இடம் தரப்படுகிறது. சிலர் அழுவர், சிலர் வாதிடுவர். அவ்வழுகைக்கும் வாதத்திற்கும் பயிற்சியில் நேரம் ஒதுக்கப்படுகிறது. தன் மனத்தில் தெளிவு பெறாத ஒருத்தி, பிறர் மனத்தில் தெளிவு உண்டாக்க முடியாதன்றோ?

நூறாண்டு தரும் தெளிவு

1921-இல் தகரப்பெட்டியோடு தொடங்கிய பயிற்சியையும், இன்று நடைபெறும் பயிற்சியையும் ஒப்பிட்டு நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். அன்றைய பள்ளி கைக்கும் கண்ணுக்கும் மூக்கிற்கும் சிறந்த பாடம் கற்பித்தது. மாணவியரின் மொழியில் பேசியது, அவர்கள் அறிந்ததிலிருந்து தொடங்கியது. முறையில் குறை காண்பதற்கில்லை. குறை, எதைக் கற்பிப்பது என்னும் தேர்வில் இருந்தது. தீயதைச் செவ்வனே செய்யக் கற்பித்தபோது, அந்நல்ல முறையே தீயதற்கு வலிமை தந்துவிட்டது.

சட்டம் மட்டும் போதாது என்பதை 1946 காட்டியது. திறமை மட்டும் போதாது என்பதைச் சான்றிதழ் பெற்ற மருத்துவிச்சியரின் கத்தி காட்டியது. சட்டம் பின்னிருந்து காக்க, வருவாய்க்கு வேறு வழி அமைய, கேட்டறிந்து பேசும் பயிற்சி முன்னிற்க, நல்லதொரு சொல் நாவில் வழங்க, இவை அனைத்தும் ஒன்றுசேரும் இடத்தில்தான் மாற்றம் நிலைபெறும்.

ஊரில் பெண்ணின் பேறுகாலத்தில் கதவு திறந்து உள்ளே அழைக்கப்படுபவள் மருத்துவிச்சி ஒருத்தியே. பிறந்தது பெண் என்பதை முதலில் அறிபவளும் அவளே. அந்நேரத்தில் அவள் தாயிடமும் பாட்டியிடமும் சொல்லும் ஒரு சொல், அக்குழந்தையின் வாழ்நாளைத் தீர்மானிக்க வல்லது. அச்சொல்லை அவளுக்குக் கற்பித்தலே பயிற்சியின் தலையாய கடமையாகும்.